தாமரைக் கோபுரம் பார்க்கப் போகும் திருகோணமலைக்காரருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்புக்குப் போகிறோம் என்றாலே இப்போது எங்கள் தெருவில் தாமரைக் கோபுரமும் பயணத்தில் சேர்ந்துவிடுகிறது. நான் நான்கு தடவை போனவன்: ஒரு தடவை அம்மம்மாவோடு, ஒரு தடவை என்னிடம் கணக்குப் படிக்கும் பிள்ளைகளோடு, ஒரு தடவை தனியாக, ஒரு தடவை வீணாக. அதனால் போகிறவர்கள் எல்லாரும் என் வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது.

கோபுரம் என்கிறார்களே, உள்ளே எந்தச் சாமி? செருப்பைக் கழற்ற வேண்டுமா?

சிரிக்காதீர்கள். அம்மம்மா வாசலில் இறங்கியதும் குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டார். பத்திரகாளி அம்மன் கோயில் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவருக்குக் கோபுரம் என்றால் கோயில்தானே! இது தொலைக்காட்சி, வானொலி அலைகளை அனுப்புவதற்காகக் கட்டிய கோபுரம். சாமி இல்லை, செருப்போடு போகலாம். பச்சைத் தண்டின் மேல் விரியாத தாமரை மொட்டு, அதன் உச்சியில் அன்டெனாக் கம்பம், வடிவம் அவ்வளவுதான். சிங்களத்தில் இதற்கு ‘நெலும் குளுண’ என்று பெயர். ஓட்டோக்காரரிடம் அப்படியே சொல்லலாம், ‘லோட்டஸ் டவர்’ என்றாலும் புரியும்.

எவ்வளவு உயரம்? எத்தனை மாடி?

அன்டெனா நுனி வரை ஏறக்குறைய 350 மீற்றர். நாம் ஏறி நிற்கும் பார்வைத்தளம் 29ஆம் மாடியில், மொட்டுக்குள் இருக்கிறது. 29 என்றதும் அடுக்குமாடி வீடுபோல் கற்பனை செய்ய வேண்டாம். அடியில் ஒரு பெரிய மண்டபம், நுனியில் மொட்டு, இடையில் கொங்கிரீட் தண்டு. தண்டுக்குள் லிப்டும் படிகளும்தான், குடியிருப்போ அலுவலகமோ இல்லை.

கோணேசர் மலையில் காசில்லாமல் நின்று கடலைப் பார்க்கிறோம். இதற்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

நம் ஊரில் எல்லாரும் கேட்கும் கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்களைத் தாண்டி ஏறி, இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில் நின்றால் கடல் நம் காலுக்குக் கீழே நூறு மீற்றருக்கு மேல் செங்குத்தாக விழுகிறது. நீலத்தின் ஆழத்தை மேலிருந்து பார்க்கலாம். அந்தக் காட்சியோடு கொழும்பு போட்டி போட முடியாது. போட்டி போடுகிறது என்று நினைத்துப் போகிறவர்கள்தான் ஏமாந்து திரும்புகிறார்கள்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நாம் கிழக்குக் கரைக்காரர். கடலுக்குள்ளிருந்து சூரியன் எழுவதைப் பிறந்த நாள் முதல் பார்க்கிறோம். கடலுக்குள் அது இறங்குவதை? உள்துறைமுகப் பக்கம் போய் நின்றாலும் சூரியன் தண்ணீருக்கு அப்பால் மரங்களுக்கும் மேடுகளுக்கும் பின்னால்தான் மறைகிறது. திறந்த கடலின் விளிம்பைத் தொட்டு, தட்டையாகி, உள்ளே போவதை நம்மில் பலர் தொலைக்காட்சியில்தான் கண்டிருக்கிறோம். கொழும்பில் அது தினமும் நடக்கிறது. காலிமுகத்திடலில் நின்றும் பார்க்கலாம், உண்மைதான். ஆனால் கோபுரத்தின் மேலிருந்து பார்க்கும்போது துறைமுகமும் கப்பல்களும் நகரமும் சேர்ந்து நிறம் மாறுகின்றன. நான் காசு கொடுப்பது அந்த அரை மணி நேரத்துக்கு.

அப்படியானால் எத்தனை மணிக்கு ஏற வேண்டும்?

கொழும்பில் சூரிய மறைவு வருடம் முழுவதும் ஏறக்குறைய மாலை 5.50க்கும் 6.30க்கும் இடையில். நவம்பரில் முந்தி, ஜூலையில் பிந்தி. அன்றைய நேரத்தைக் கைபேசியில் பார்த்துக்கொண்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே மேலே இருங்கள். வரிசைக்கு இன்னொரு அரை மணி நேரம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாளென்றால் அதுவும் போதாது.

வீணாகப் போன தடவை என்றேனே, அது இப்படித்தான். வாடகை வானில் போனோம். சாரதி வெள்ளிக்கிழமை மாலை மருதானைச் சந்திக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டார். வாகன நெரிசல். கோபுரம் தலைக்கு மேலே நிற்கிறது, சூரியன் இறங்கிக்கொண்டிருக்கிறது, வான் மட்டும் அசையவில்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது வானம் கரிந்துவிட்டது. இரவு விளக்குகளும் அழகுதான். ஆனால் அதற்காக நாங்கள் போகவில்லை.

இன்னொரு விடயம். மறைவுக்கு முந்திய நேரத்தில் எல்லாரும் மேற்குப் பக்கத் தடுப்பில் முட்டி மோதி நிற்பார்கள். ஒரு தடவை கிழக்குப் பக்கமும் போய்ப் பாருங்கள். கோபுரத்தின் நிழல் மருதானைக் கூரைகளின் மேல் விழுந்து நீண்டுகொண்டே போகும். சூரியன் அடிவானத்திலிருந்து 10 பாகை உயரத்தில் இருக்கும்போது நிழல் 2 கிலோமீற்றர், 5 பாகைக்கு இறங்கினால் 4 கிலோமீற்றர். பிள்ளைகளுக்குத் திரிகோண கணிதம் படிப்பிக்க இதைவிட நல்ல கரும்பலகை எனக்குக் கிடைத்ததில்லை. “சேர், மொட்டு அந்தத் தகரக் கூரையில் இருக்கிறது, நாங்கள் அதற்குள்தான் இருக்கிறோம்” என்று ஒரு சிறுவன் கையை நீட்டினான். நிழலைப் பார்த்துக் கையும் அசைத்தான்.

எந்த மாதம் நல்லது?

நம் மழையும் கொழும்பின் மழையும் ஒன்றல்ல. நமக்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை, அவர்களுக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. ஆகவே இங்கே வெயில் கொளுத்தும் ஜூன், ஜூலையில் பாடசாலைச் சுற்றுலா வைத்துக்கொண்டு அங்கே மேகத்துக்குள் போய் நிற்பது வழக்கமாகிவிட்டது. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமுழக்கம். ஜனவரி கடைசி முதல் மார்ச் வரைதான் என் தெரிவு. அந்த மாதங்களிலும் காலையில் வானத்தைப் பார்த்த பிறகு டிக்கெட் எடுங்கள்.

திருகோணமலையிலிருந்து எப்படிப் போவது?

இரவு ரயில்தான் என் விருப்பம். கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையோடு சேர்ந்து, மாகோ வழியாகப் போய், விடியும்போது கொழும்பு கோட்டையில் இறக்கிவிடும். ஆசனத்தை முன்பே பதிவு செய்துவிடுங்கள். பஸ்ஸில் போனால் ஹபரணை, தம்புள்ளை வழி, ஏறக்குறைய 260 கிலோமீற்றர்.

கோட்டை நிலையத்திலிருந்து கோபுரம் பக்கம்தான், ஓட்டோவில் சில நிமிடம். வெயில் இல்லையென்றால் நடந்தே போகலாம். அது நிற்பது பேர வாவிக் கரையில், டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில். அந்த விஜேவர்தனதான் லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தைத் தொடங்கியவர். 1932 முதல் நம் வீடுகளுக்கு வந்த ‘தினகரன்’ அந்தக் கட்டடத்திலிருந்து வந்ததுதான். அம்மம்மாவுக்குக் கோபுரத்தைவிட இந்தச் செய்திதான் பெரிதாக இருந்தது.

வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்குகிறவர்கள் 100, 101 இலக்க பஸ்ஸில் கோட்டைக்கு வரலாம். கரையோர ரயிலில் வந்தால் இன்னும் விரைவு, வழி முழுக்கக் கடலும் தெரியும்.

டிக்கெட் எவ்வளவு?

2022இல் திறந்தபோது உள்நாட்டவருக்கு 500 ரூபாய், 2,000 ரூபாய் என இரண்டு வகை டிக்கெட் வைத்தார்கள். கட்டணம் மாறக்கூடியது, புறப்படுமுன் கோபுரத்தின் இணையத்தளத்தில் அன்றைய விலையைப் பாருங்கள். மறக்கக் கூடாதது தேசிய அடையாள அட்டை. உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு அதைவிடப் பல மடங்கு. கனடாவிலிருந்து லீவில் வந்த சித்தப்பா உவர்மலையில் பிறந்தவர் என்பது டிக்கெட் கவுண்டரில் எடுபடாது. இலங்கை அடையாள அட்டை அவரிடம் இருந்தால் பெட்டியிலிருந்து தேடி எடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் வாதாடி வரிசையை மறிக்காமல் காசைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

லிப்டில் காது அடைக்குமா? வயதானவர்கள் தாங்குவார்களா?

அடைக்கும், கொஞ்சம்தான். நூறு மீற்றர் ஏறினால் காற்றழுத்தம் ஏறக்குறைய ஒரு வீதம் குறைகிறது. ஆக மேலே போய்ச் சேரும்போது இரண்டு, மூன்று வீதம் குறைந்திருக்கும். மலைப்பாதையில் பஸ் ஏறும்போது மெதுவாக நடப்பது இங்கே கண்மூடித் திறப்பதற்குள் நடக்கிறது, வேறு ஒன்றுமில்லை. எச்சிலை விழுங்கினால் திறந்துவிடும். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டொபி கொடுத்துவிடுங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கோணேசர் மலைப் படிகளைவிட இது எவ்வளவோ சுகம். உயரத்துக்குப் பயப்படுகிறவர்களை இழுத்துக்கொண்டு போய் விளிம்பில் நிறுத்தாதீர்கள். உள்பக்கச் சுவரோடு நிற்கவிட்டால் பத்து நிமிடத்தில் அவர்களாகவே ஓரடி, இரண்டடி என்று முன்னுக்கு வருவார்கள். அம்மம்மா அப்படித்தான் வந்தார். என் சட்டையின் பின்பக்கத்தை ஒரு கையால் பிடித்தபடி, மற்றக் கையால் கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, “எங்கே கடல்?” என்றார். சட்டையை விட்டது கடலைக் கண்ட பிறகுதான்.

மேலே நின்றால் என்னென்ன தெரியும்?

மேற்கே கொழும்புத் துறைமுகம். நம் ஊர்க்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. திருகோணமலைத் துறைமுகத்தை இயற்கையே குடைந்து வைத்தது. மலைகள் சுற்றி நிற்க, ஆழமான தண்ணீர் உள்ளே அமைதியாகக் கிடக்கிறது. கொழும்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அலை நேராக வந்து அடிக்கும் திறந்த கரை அது. 1875இல் அங்கே அலைதடுப்புச் சுவருக்கு முதல் கல் வைத்து, கடலுக்குள்ளேயே துறைமுகத்தைக் கட்டி எடுத்தார்கள். மேலிருந்து பார்த்தால் அந்தச் சுவர்கள் கோடு கீறினதுபோல் தெரியும். சுவருக்கு வெளியே நுரை, உள்ளே தட்டையான தண்ணீர், கரையில் கொள்கலன்களும் பாரந்தூக்கிகளும். நல்ல துறைமுகம் நம்மிடம் இருந்தது, கப்பல்கள் அவர்களிடம் போயின. இந்தப் பெருமூச்சை விடாமல் திரும்பிய திருகோணமலைக்காரரை நான் கண்டதில்லை.

துறைமுகத்தை ஒட்டித் தெற்கே துறைமுக நகரம். கடலில் மணலைக் கொட்டி எடுத்த 269 ஹெக்டயர் நிலம். அதன் ஓரத்தில் காலிமுகத்திடல், உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கட்டடங்கள். 1997 முதல் பல வருடங்கள் நாட்டிலேயே உயரமானவையாக இருந்தவை, இங்கிருந்து குனிந்து பார்க்கும்படி ஆகிவிட்டன. காலடியில் பேர வாவி. போர்த்துக்கேயர் காலத்தில் கோட்டைக் காவலுக்காக வெட்டிய தண்ணீர் என்பார்கள். வாவிக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டடம் இன்னொன்றின் மேல் சாய்ந்து நிற்பதுபோல் தெரிந்தால் பதறாதீர்கள். அது அல்டெயார் அடுக்குமாடி, கட்டியதே அப்படித்தான்.

வடமேற்கே புறக்கோட்டை. சிவப்பும் வெள்ளையுமாக மாதுளை பிளந்ததுபோல் தெரிவது சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல். அதற்குச் சற்று வடக்கே செட்டியார் தெருக் கோயில்களின் கோபுரங்களைத் தேடிப் பாருங்கள். தேர்த் திருவிழாக் கடையில் விற்கும் விளையாட்டுச் சாமான் அளவுக்குச் சிறுத்திருக்கும். கிழக்கே மருதானை ரயில் பாதைகள், பிறகு பொரளைப் பக்கம் மரங்கள். கொழும்பில் இவ்வளவு பச்சை இருக்கிறது என்பது தெருவில் நடக்கும்போது தெரிவதில்லை.

திருகோணமலை தெரியுமா?

தெரியாது. இருநூறு மீற்றருக்கு மேல் நின்றாலும் அடிவானம் 50 கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டித்தான் இருக்கிறது. நம் ஊர் நேர்கோட்டிலேயே 230 கிலோமீற்றருக்கு அப்பால். பூமி உருண்டை என்பதால் நடுவில் வளைந்து மறைத்துவிடுகிறது. கொழும்பில் நின்று நம் கடற்கரையைப் பார்க்க வேண்டுமென்றால் 4 கிலோமீற்றருக்கு மேல் உயரமான கோபுரம் வேண்டும். நாட்டின் மிக உயர்ந்த பீதுருதாலகால மலையே 2,524 மீற்றர்தான். திசை மட்டும் காட்டலாம்: வடகிழக்கு.

சிவனொளிபாதமலை?

அது வேறு கணக்கு. தூரம் 70 கிலோமீற்றர் அளவு, ஆனால் மலை 2,243 மீற்றர் நிமிர்ந்து நிற்கிறது, அதனால் வளைவு மறைப்பதில்லை. மழை பெய்து புழுதி அடங்கிய தெளிவான நாளில் கிழக்கிலிருந்து சற்றுத் தெற்கே பாருங்கள், கூம்பாகத் தெரியும். நான்கு தடவையில் எனக்கு ஒரு தடவைதான் தரிசனம் கிடைத்தது.

துபாய் புர்ஜ் கலீபா அளவுக்கு இருக்குமா?

கிண்ணியாவிலும் மூதூரிலும் இதைக் கேட்காத வீடில்லை. வளைகுடாவிலிருந்து பிள்ளைகள் படம் அனுப்பி வைத்திருக்கிறார்கள். புர்ஜ் கலீபா 828 மீற்றர். நம் கோபுரம் அதில் பாதிகூட இல்லை. அங்கே 124ஆம் மாடியில் ஒரு பார்வைத்தளம், 148இல் இன்னொன்று. ஒப்பிட்டுப் பார்த்தால் மனம் சுருங்கும், ஒப்பிடாமல் பார்ப்பதே மேல்.

சூரிய மறைவுக்கு மேலே நின்றால் மஃரிப் தொழுகை?

அங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. உயரத்தில் நிற்பவருக்கு அடிவானம் தாழ்ந்துவிடுவதால் சூரியன் தரையைவிடப் பிந்தி மறைகிறது. இந்தக் கோபுரத்தின் உயரத்துக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம். புர்ஜ் கலீபாவில் 80ஆம் மாடிக்கு மேல் இருப்பவர்கள் தரையில் உள்ளவர்களைவிட இரண்டு நிமிடம் பிந்தியும், 150க்கு மேல் இருப்பவர்கள் மூன்று நிமிடம் பிந்தியும் நோன்பு திறக்க வேண்டும் என்று 2011இல் துபாய் மார்க்க அறிஞர்கள் சொன்னது இதனால்தான். சட்டத்தை உங்கள் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கேளுங்கள், நான் கணக்கு மட்டும் சொல்கிறேன். மறைந்ததும் இறங்கினால் மருதானைப் பள்ளிவாசலுக்குத் தூரம் அதிகமில்லை. கிண்ணியாவிலிருந்து வந்த என் நண்பர் குடும்பம் அப்படித்தான் செய்தது.

சாப்பாடு?

மொட்டுக்குள் சுழலும் உணவகம் இருக்கிறது. உட்கார்ந்தபடியே நகரத்தைச் சுற்றிப் பார்க்கலாம். பிறந்தநாள், கலியாணநாள் என்றால் முன்பதிவு செய்து போங்கள். ஐந்து பேர் கொண்ட குடும்பம் சாதாரணமாகப் பசியாறும் இடம் அல்ல. கீழே இறங்கி ஓட்டோவில் செட்டியார் தெருப் பக்கம் போனால் தோசையும் வடையும் சூடாகக் கிடைக்கும், பணப்பையும் வற்றாது.

யார் கட்டினார்கள்? கடன் என்கிறார்களே?

முதலில் பேலியகொடையில் கட்ட யோசித்து, பிறகு இந்த இடத்துக்கு மாற்றினார்கள். 2012இல் வேலை தொடங்கியது. செலவு பத்துக் கோடி அமெரிக்க டொலருக்கு மேல், பெரும்பகுதி சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கிக் கடன். 2019 செப்டெம்பரில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன திறந்து வைத்தார். ஆனாலும் பொதுமக்கள் ஏறத் தொடங்கியது 2022 செப்டெம்பர் 15இல். பெற்றோல் வரிசையும் மின்வெட்டும் நினைவிலிருந்து அகலாத வருடம் அது. இந்தக் காசில் எத்தனை வைத்தியசாலைகள் கட்டியிருக்கலாம் என்று அம்மாவின் தம்பி டிக்கெட் வரிசையில் நின்றுகொண்டே கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். கேட்டுவிட்டு ஏறினார், முதலில் படம் எடுத்தவரும் அவர்தான்.

படம் எடுக்கலாமா?

தாராளமாக. இருட்டத் தொடங்கியதும் பிளாஷை அணைத்துவிடுங்கள், அது நகரம் வரை எட்டாது. டிரோன் கொண்டு போகாதீர்கள், அதற்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். கோபுரத்தையே படம் எடுக்க மேலே நிற்பதில் பயனில்லை. வாவியின் மறுகரையிலிருந்து, விளக்கேற்றிய பிறகு எடுங்கள்.

ஒரே நாளில் போய்த் திரும்பலாமா?

நான் தனியாகப் போனபோது அப்படித்தான் செய்தேன். முதல் நாள் இரவு ரயில் ஏறி, பகலில் புறக்கோட்டையில் அலுவல்களை முடித்து, மாலையில் கோபுரம் ஏறி, சூரியன் கடலுக்குள் போனதும் இறங்கி, கோட்டையில் திரும்பவும் இரவு ரயில். இரண்டு இரவு சரியாக நித்திரை இருக்காது, முதுகு கேள்வி கேட்கும். முதியவர்களையும் சிறுபிள்ளைகளையும் இப்படிக் கொண்டு போகாதீர்கள்.

ஆனால் தெம்பு உள்ளவர்கள் ஒரு தடவை செய்து பாருங்கள். ரயில் நேரத்துக்கு வந்தால் (வராத நாளும் உண்டு) திருகோணமலை நிலையத்தில் இறங்கும்போது கீழ்வானம் வெளுத்துக்கொண்டிருக்கும். கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறது, பையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே அங்கே போய்விடுங்கள். நான் போனபோது வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மணலில் உட்கார்ந்து பிளாஸ்கில் மிஞ்சியிருந்த ஆறின தேநீரை ஊற்றினேன். பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன் அங்கே மூழ்கினது இங்கே தண்ணீரிலிருந்து மேலே வந்தது.